ஐந்து நிமிடம் பேசக் கூடாது

“அஞ்சு நிமிசம் பேசப்படாது கண்ணு” என்று சொல்லிவிட்டுத் திலகவதி போனில் நேரத்தை ஓடவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்சவேணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு, நைட்டிக்கு மேலே புருசனின் பழைய முழுக்கைச் சட்டை, மேசைமேல் போட்ட தலையணையில் இடது கை மல்லாந்து கிடந்தது. பேசக் கூடாது, அசையக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, முஷ்டி மடக்கக் கூடாது, ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. அப்போதுதான் பிரஷர் உள்ளது உள்ளபடி தெரியும். டவுன் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி இது. பின்மாதங்களில் கர்ப்பிணிக்குப் பிரஷர் ஏறாமல் ஒரு மாத்திரையால் தடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே பருமனில் வெறும் மாவு. யாருக்கு எது என்று திலகவதிக்கும் தெரியாது, அவளை அனுப்பும் டாக்டருக்கும் தெரியாது. வீடு வீடாகப் போய் அளப்பதுதான் அவள் வேலை. ஊர்க்காரர்கள் அவளை ஆராய்ச்சி நர்ஸ் என்றார்கள், அதில் கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் நக்கலும் இருந்தது. வெளியே களத்தில் அவள் புருசன் தண்டபாணி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். சத். தரையில் நட்ட இரும்புப் பாரையின் கூர்நுனியில் இரண்டு கையாலும் தேங்காயை ஓங்கிக் குத்துகிற சத்தம். அப்புறம் ஒரு திருகல், மட்டை நார்நாராய்க் கிழிகிற சத்தம். சத், கர்ர்ர். சத், கர்ர்ர். தோல் உரிந்த மண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. களத்தில் காயும் கொப்பரையின் எண்ணெய் நாற்றம் அறைக்குள் வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

அந்தச் சத்தத்துக்கு இவள் எப்படித்தான் தூங்குகிறாளோ என்று நினைத்தாள் திலகவதி. நினைத்ததும் கோபம் வந்தது, ஏனென்றால் தூக்கம் என்றதும் போன தடவை நடந்ததுதான் ஞாபகம் வந்தது. போன தடவை இதே நாற்காலியில் இதே கையில் நூற்று நாற்பதைத் தாண்டி வந்தது. நூற்று நாற்பதைத் தாண்டினால் ஆராய்ச்சி வண்டியை வரவழைத்து அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், அதுதான் விதி. சேர்த்தாள். அங்கே நாலு நாள் வேளாவேளைக்கு அளந்தார்கள். ஒரு தடவைகூட ஏறவில்லை, கிணற்றுத் தண்ணீர் மாதிரி நின்றது. அந்த நாலு நாளும் அம்சவேணி தூங்கினாள். சாப்பாட்டுக்கு எழுப்பினால் எழுந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள், இந்தப் புள்ளை பிரசவத்துக்கு வந்துச்சா தூங்கறதுக்கு வந்துச்சா என்று வார்டு நர்சுகள் கிண்டலடித்தார்கள். அப்புறம் டாக்டர் சுபாஷிணி திலகவதியைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார். கதவு திறந்தே இருந்தது, வெளியே பயிற்சிப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அஞ்சு நிமிஷம் உட்கார வெச்சீங்களா இல்லையா, காலைப் பார்த்தீங்களா இல்லையா, ஒரு தப்பான நம்பர் உள்ளே வந்தா ஆயிரம் சரியான நம்பரும் கெட்டுப் போகும் சிஸ்டர், நாளைக்கு நல்ல மாத்திரையைக் குப்பைன்னு தூக்கிப் போடுவோம், அதனால எங்கேயோ ஒருத்தி சாவா, உங்களுக்குத் தெரியவே தெரியாத ஒருத்தி. டாக்டர் குரலை உயர்த்தவில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு நொடியில் முடிந்திருக்கும். இந்த வேலையில் தன் கையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை என்ற திமிர் திலகவதிக்கு இருந்தது. அது அந்தக் கதவருகிலேயே நொறுங்கிப்போனது. வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தாள். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பெண்ணின் கண் இமைப்பதைக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பார்த்ததுமே பிடித்துவிட்டாள். நைட்டியின் கீழே வலது கணுக்கால் இடது கணுக்காலின்மேல் ஏறியிருந்தது. திலகவதி குனிந்து இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்து இறக்கித் தரையில் அழுத்தி வைத்தாள். அம்சவேணி ஏதோ சொல்ல வாய் திறந்தாள். “உஸ்ஸ்” என்றாள் திலகவதி, ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்து. வாய் மூடிக்கொண்டது. வாய் என்றதும் இன்னொரு வாய் வந்தது, அது எப்போதும் இப்படித்தான் கேட்காமல் வந்து நிற்கும். பிரசவ வார்டில் இருந்த காலத்தில், பெயர் மறந்துபோன ஒருத்தி, வாழைத்தார் மண்டியில் வேலை செய்தவள், தலை வலிக்குதுங்க சிஸ்டர், கண்ணுக்குள்ள மின்னுதுங்க என்று மாலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று முதுகு வில்லாக வளைந்து கட்டிலை விட்டு எழும்பியது, பற்கள் நறுக்கென்று நாக்கின்மேல் இறங்கின. ரத்தம் சிந்தவில்லை, பீய்ச்சியது, திலகவதியின் கழுத்திலும் வெள்ளைத் தொப்பியிலும் சூடாக அடித்தது. நாலு பேர் பிடித்தும் அந்த உடம்பு நிற்கவில்லை, இரும்புக் கட்டில் தரையில் தடதடவென்று நகர்ந்து சுவரில் மோதியது, உள்ளே இருக்கும் எவனோ அவளைப் பிடித்துச் சுவரில் அடிக்கிறான் போல. பிள்ளையும் போயிற்று, அவளும் போனாள். நாக்கின் துண்டு ஒன்று தலையணை உறையில் ஒட்டியிருந்தது, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் திலகவதி கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு மாத்திரை இதைத் தடுக்கும் என்றால், தடுக்கக்கூடும் என்றால், அதற்காக மலைமேலும் தோப்புக்குள்ளும் நாய் துரத்த வண்டி ஓட்டத் தயார் என்றுதான் இந்த வேலைக்கு வந்தாள். டாக்டர் சொன்னது சரிதான். நம்பர் பொய்யானால் எங்கேயோ ஒருத்தி நாக்கைக் கடிப்பாள். சத், கர்ர்ர், என்றது வெளியே.

மறுபடியும் கால் ஏறியிருந்தது. என்ன பெண் இவள். மறுபடியும் இறக்கினாள், இந்தத் தடவை கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. நிமிர்ந்தபோது தலையணைமேல் இருந்த கை மடங்கி இறுகி, மூட்டுகள் வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து விரித்து வைத்தாள். உள்ளங்கையில் நகம் பதிந்து நாலு பிறை இருந்தது. அம்சவேணி அவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, காறித் துப்பப்போகிறவளின் வன்மமும் இருந்தது, திலகவதிக்கு அது விளங்கவில்லை, விளங்காததால் எரிச்சல் கூடியது. இந்த மாதிரி ஒரு பார்வைக்கு வார்டில் அவள் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியும். தொடையில் ஒன்று வைத்திருப்பாள். முக்கு, முக்குடி என்று கத்திக்கொண்டே பளீரென்று வைப்பாள், எல்லோரும்தான் வைத்தார்கள், ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரை, பிள்ளை வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். உள்ளங்கையில் அந்த எரிச்சல் இப்போதும் வரும், குளிக்கும்போது சில நாள் வரும். புருசன் செத்த பிறகு அவளை அடிக்க ஆளில்லை, அவள் அடிக்கவும் ஆளில்லை, வெறும் கைதான் மிச்சம். அவன் உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை ஓங்கினான், அவள் குழம்புக் கரண்டியால் அவன் மணிக்கட்டில் போட்ட போட்டில் எலும்பு விரிசல் விட்டது. வண்டியிலிருந்து விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னான். ஆம்பளைக்கு வண்டி, பொம்பளைக்கு வழுக்கின தரை. இந்த அம்சவேணியும் அப்படித்தானே, முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போயிருக்கிறது, ஆராய்ச்சியில் சேர்த்த அன்றைக்கு டாக்டர் எப்படிப் போச்சு என்று இவளைக் கேட்டார், புருசன் பதில் சொன்னான், தொட்டிப் பக்கம் வழுக்கி உழுந்துட்டாளுங்க. இவள் தலையைக் குனிந்துகொண்டு கட்டைவிரலால் தரையைச் சுரண்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கத் திலகவதிக்கு அன்றைக்கு நேரமில்லை, பின்னால் இன்னும் பல பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சத்தம் நின்றது. அம்சவேணியின் உடம்பில் என்னவோ நின்றது. மூச்சா. கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் துள்ளியது, கண் வாசலுக்குப் போய்க் குத்திட்டு நின்றது. வெளியே தண்டபாணி காறித் துப்பினான், குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான், செம்பு கல்லில் பட்டது. பிறகு சத், கர்ர்ர். மூச்சு திரும்ப வந்தது. ஆக, பாரைச் சத்தம் கேட்கிற வரைக்கும் இவளுக்கு நிம்மதி. அந்தச் சத்தத்தில்தான் இவள் தூங்குவாள், சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். திலகவதிக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கழன்று புரண்டது. அந்த முழுக்கைச் சட்டை. இந்த வெயிலில், ஓட்டு வீட்டுக்குள், வேலை ஏதும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்குப் புருசனின் முழுக்கைச் சட்டை. அவள் கை தானாக நீண்டு அந்தச் சட்டைக் கையின் பித்தானைக் கழற்றியது. பிரஷர் பட்டையைப் போனில் மணி அடிக்கும் தறுவாயில்தான் கையில் கட்டுவாள், முன்னாலேயே கட்டினால் பெண்கள் அதையே பார்த்து மிரளுவார்கள். இன்றைக்குச் சட்டைக் கையை முன்னாலேயே சுருட்டினாள். முழங்கைக்கு மேலே நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் கருநீலத்தில் பதிந்திருந்தன, ஓரங்களில் மஞ்சள் ஓடியிருந்தது. அதற்கும் மேலே அகலமாக இன்னொன்று, புதிது, தோல் உரிந்து நிணம் காய்ந்து சட்டைத் துணியோடு ஒட்டியிருந்தது. துணியை எடுத்தபோது அதுவும் சேர்ந்து வந்தது. அம்சவேணி ஒரு சத்தமும் போடவில்லை. பேசக் கூடாது என்றல்லவா சொல்லியிருக்கிறது. காயத்தில் தேங்காய் நார் ஒரு துணுக்கு இருந்தது. மட்டையால் அடித்திருக்கிறான். எதற்கு அடித்தான் என்று கேட்பதே வெட்கக்கேடு, எதற்காவது அடித்தால் சரியாகிவிடுமா. ஆனால் எப்போது என்று திலகவதிக்குத் தெரியும், காயத்தின் வயது அவளுக்குப் படிக்கத் தெரியும். மஞ்சள் ஓடியது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பின பிறகு. ஒன்றுமில்லை, நர்ஸ் அளந்ததுதான் தப்பு என்று டாக்டர் அனுப்பி வைத்தாரே, அதற்குப் பிறகு.

அப்போதுதான் அது அவள் தலையில் இறங்கியது, பாரையில் தேங்காய் இறங்குகிற மாதிரியே. ஆரம்பத்தில் இந்தப் பெண் எவ்வளவு ஆசையாகக் கேட்டாள். ஏனுங்க்கா, கால் மேல கால் போட்டா நெசமாவே ஏறுமுங்களா, எத்தனை ஏறும், ஒண்ணுக்கு அடக்குனா இன்னும் ஏறுமுங்களா, கைய மடக்குனா. ப்ளஸ் டூ வரைக்கும் படித்த பிள்ளை, விவரமான பிள்ளை என்று திலகவதி பூரித்துப்போய் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள், கையைத் தொங்கவிட்டால் ஏறும் என்பதைக்கூட. அப்போதே மேசையில் ஒரு பெரிய சொம்பு காலியாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஒண்ணுக்குப் போயிட்டு வந்தியா என்று கேட்டதற்கு வந்துட்டேனுங்க்கா என்றாள், பொய், இதோ தொடையை இறுக்கி உட்கார்ந்திருக்கிறாள், நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது. தண்டபாணி எதற்கும் பயப்பட மாட்டான். களத்துக்காரருக்குப் பயமில்லை, போலீசுக்குப் பயமில்லை, சாமிக்கும் இல்லை. காதல் கல்யாணம், சாதி விட்டுச் சாதி, இவளுடைய வீட்டில் செத்துப்போனதாகத் தலை முழுகிவிட்டார்கள், அதனால் அந்தப் பக்கமும் கேட்க ஆளில்லை. அவன் பயப்படுகிற ஒரே பொருள் இந்தச் சின்னப் பிரஷர் மிசினில் சிவப்பாக எரியும் நம்பர். அவனுடைய அக்காள் பிள்ளைப்பேற்றில் வெட்டு, அதாவது வலிப்பு, வந்து செத்திருக்கிறாள், அவன் மடியில், அவளைப் பிடித்திருந்த அவன் கையைக் கடித்தபடி, அந்தப் பல் தடம் இன்னும் அவன் புறங்கையில் இருக்கிறது. அந்த நம்பர் ஏறினால் மட்டும் அவன் இவளை வெளியே விடுவான். அதற்குத்தான் இவள் காலை ஏற்றினாள், விரலை மடக்கினாள், சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு நாள் தூங்கினாள். இவளோ, கெட்டிக்காரி திலகவதி, கிணற்றுக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, கையை இப்படித்தான் வைக்கணும் கண்ணு என்று பாடம் நடத்தியிருக்கிறாள். ஏழாம் மாதம். முதல் பிள்ளை செத்த மாதம். இன்றைக்குச் சனிக்கிழமை, சாயங்காலம் குடித்துவிட்டு வருவான். திலகவதியின் கண்ணுக்குள் பாரை எழுந்து நின்றது, வெயிலில் நுனி மட்டும் பளபளத்தது. அவனை இரண்டு கையாலும் பிடித்து, தேங்காயைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, நெஞ்சுக்குழியை அந்த நுனியில் வைத்து ஓங்கிக் குத்தி ஒரு திருகு. சத், கர்ர்ர். விலா எலும்பு நாராய்க் கிழிந்து வரும். அவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தாள், மறுபடியும் குத்தினாள், மறுபடியும். தனக்கு இவ்வளவு ஆசையாக இருக்கிறதே என்று பயந்தாள், பயந்துகொண்டே இன்னொரு தடவை குத்தினாள்.

மடியில் போன் அடித்தது. ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது, கால் தரையில் இருக்கிறது, விரல் விரிந்திருக்கிறது, எல்லாம் டாக்டர் சொன்னபடி. கை பழக்கத்தில் பட்டையைக் கட்டியது, காயத்துக்குக் கீழே கட்ட இடம் பார்த்தும் காயத்தின்மேல்தான் விழுந்தது. வலது கையில் கட்டலாமா என்று பார்த்தாள், அம்சவேணி சட்டையை இழுத்து வலது கையை மூடிக்கொண்டாள், அங்கே என்ன இருக்கிறதோ. பித்தானை அமுக்கினாள். மிசின் உறுமிக்கொண்டு காற்றை ஏற்றியது, பட்டை புண்ணைப் பிடித்து நசுக்கியது, அம்சவேணி கீழுதட்டைக் கடித்தாள். வெளியே சத்தம் நின்றுவிட்டது. இந்த உறுமலுக்கு அவன் காது கொடுத்திருக்கிறான். நம்பர் வந்தது. நூற்று இருபத்தாறு. பாழாய்ப்போன ஆரோக்கியம். அடி வாங்கி, ஒண்ணுக்கை அடக்கி, புண் நசுங்கி, அத்தனைக்கும் பிறகு இந்த உடம்பு மானரோசம் இல்லாமல் நூற்று இருபத்தாறு காட்டுகிறது. வாசலில் வெளிச்சம் மறைந்தது. தண்டபாணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான், மார்பெல்லாம் நார்ப்பொடி, கை இரண்டும் முழங்கை வரை சிவந்து தடித்திருந்தது.

“எத்தனைங்க நர்சம்மா?”

“மொதல் தடவை கணக்குல இல்லீங்க தம்பி. இன்னும் ரெண்டு தடவை பாக்கணும். நீங்க வேலையப் பாருங்க.”

“இருக்கட்டுங்க. போன தடவ அளந்தது தப்புன்னு டாக்டரே சொல்லீட்டாரு. நாலு நாள் சும்மா படுத்துட்டு வந்துருக்கறா இவ. இன்னிக்கி என்ற கண்ணால பாத்துக்கறனுங்.”

உள்ளே வந்து மிசினுக்கு நேர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எழுத்து வாசிக்கச் சிரமப்படுவான், எண் நன்றாக வாசிப்பான். வாயால் ஒரு பொய் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று திலகவதி வைத்திருந்த வழியை அவன் உடம்பு மறைத்துக்கொண்டது. அடுத்த அளவுக்கு ஒரு நிமிடம் இடைவெளி விட வேண்டும். அந்த ஒரு நிமிடம் அவள் மேல் ஏறி மிதித்தது. மிசினில் பொய் வராது. பொய் வந்தால் எங்கேயோ ஒருத்தி நாக்கைக் கடிப்பாள், அவளுக்குத் தெரியவே தெரியாத ஒருத்தி, வாழைத்தார் மண்டிக்காரி மாதிரி ஒருத்தி, கட்டில் தடதடவென்று சுவரில் மோதும். இங்கே ஒருத்தி இருக்கிறாள், தெரிந்த ஒருத்தி, விரல் விரித்து வைத்த ஒருத்தி, இன்று சாயங்காலம் இவளைத் தொட்டிச் சுவரில் மோதுவான். அங்கே ஒரு சுவர், இங்கே ஒரு சுவர். எந்த மாத்திரை இதைத் தடுக்கும், இவன் மாத்திரையா, மாவா, இவனை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள். அவன் புறங்கையில் பல் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. அக்காளுக்காக அழுகிறவன்தான் இவன். அழுதுவிட்டு அடிப்பான், அடித்துவிட்டு அழுவான். அவன்மேல் பரிதாபம் வந்துவிடுமோ என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வரவில்லை. டாக்டரின் திறந்த கதவு வந்தது, பயிற்சிப் பெண்கள் வந்தார்கள், தன் கையைப் பற்றித் தனக்கு இருந்த திமிர் வந்தது. வந்து நின்ற எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

“தலாணி உறுத்துது போல” என்று சொல்லித் தலையணையை உருவி எடுத்தாள். அம்சவேணியின் கையைத் தூக்கி நாற்காலியின் பக்கவாட்டில் தொங்கவிட்டாள். பிறகு குனிந்தாள், செருப்பைச் சரிசெய்வதுபோல, தான் இரண்டு தடவை இறக்கி வைத்த அந்த வலது காலை எடுத்து இடது காலின்மேல் போட்டாள். கணுக்கால் சில்லென்று இருந்தது. நிமிர்ந்து, தொங்கும் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், கட்டைவிரலைக் கடைசியாக, மடக்கியதன்மேல் தன் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். தண்டபாணி மிசினையே பார்த்துக்கொண்டிருந்தான், இவர்கள் செய்வது அவனுக்கு ஒன்றும் தெரியாது, நர்ஸ் நோயாளியைத் தொடுகிறாள், அவ்வளவுதான். அம்சவேணி அவளைப் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. பிறகு அந்த முஷ்டி திலகவதியின் கைக்குள் தானாக இறுகத் தொடங்கியது, கல்லைப் போல, ஒரு சாதுவான பெண்ணின் கைக்குள் இவ்வளவு பலம் இருக்குமா என்று திகைக்கிற அளவுக்கு. அந்தக் கையில் ஒரு கரண்டி இருந்தால், ஒரு அரிவாள் இருந்தால். திலகவதி பித்தானை அமுக்கினாள்.

மிசின் உறுமியது. மூன்று பேரும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் விழுந்து கிடந்தார்கள். எண் மேலே ஓடிப் பிறகு இறங்க ஆரம்பித்தது, இறங்கி, இறங்கி, நின்றது. நூற்று நாற்பத்து மூன்று. தண்டபாணியின் வாய் திறந்தது. இன்னொரு தடவை. நூற்று ஐம்பத்தொன்று. இதில் எவ்வளவு கால், எவ்வளவு கை, எவ்வளவு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறவன் என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

“வெட்டு வந்துருமுங்களா நர்சம்மா?” அவன் குரல் சின்னப் பையனின் குரலாகியிருந்தது. “என்ற அக்காளுக்கும் இப்படித்தானுங்க.”

“வரும்” என்றாள் திலகவதி. அந்தச் சொல்லை அவன் மேல் ஒரு கல்லைப் போடுவது மாதிரி போட்டாள், போட்டதில் அவளுக்கு இனித்தது. “இங்க வெச்சிருந்தா வரும். வண்டிக்குச் சொல்றேன். துணிமணி எடுத்து வைங்க.”

அவன் அழுதுகொண்டே நைட்டிகளைப் பைக்குள் திணித்தான். பொண்டாட்டியின் தலையைத் தடவிக் கொடுத்தான், தடவுகிற கைக்கு அவள் தலை தாழ்ந்து கொடுத்தது, பழகிய தாழ்வு. வண்டி வந்தது. ஆம்பளைங்க ஏறக் கூடாது என்று திலகவதி சொன்னாள், அப்படி ஒரு விதி இல்லை, அவள் அப்போதுதான் போட்டாள். களத்துக்காரர்கிட்டச் சொல்லிட்டுப் பின்னாடியே பைக்ல வர்றனுங் என்றான். வண்டிக் கதவு மூடியது. பின்கண்ணாடியில் பாரை ஒரு நொடி தெரிந்தது, நுனியில் பாதி உரிந்த தேங்காய் ஒன்று குத்தியபடியே நின்றது.

தார் ரோட்டில் ஏறியதும் ஓட்டுநர் வேகம் எடுத்தான். கட்டிலின் ஓரத்தில் அம்சவேணி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் திலகவதி. பின்னால் பைக் சத்தம் வருகிறதா என்று இருவரும் காது கொடுத்தார்கள், எந்த வண்டி முந்தினாலும் இருவர் உடம்பும் ஒன்றாக விறைத்தது. ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஐந்து நிமிடம் உட்கார வைப்பார்கள், மறுபடியும் நூற்று இருபத்தாறு வரும், மறுபடியும் அனுப்பிவிடுவார்கள். ஆகவே நம்பரைச் சொல்லப் போவதில்லை. டாக்டரின் மேசைக்கு முன்னால் இவளை நிறுத்திச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டப் போகிறாள். காலை நான்தான் ஏத்துனேன் டாக்டர், கையை நான்தான் மடக்குனேன், அந்த நம்பரை அடிச்சுப் போடுங்க, என்னையும் வேணும்னா அடிச்சுப் போடுங்க, போலீசுக்கு நீங்க போன் பண்றீங்களா நான் பண்ணட்டுமா என்று சொல்லப் போகிறாள். கதவு திறந்தே இருக்கட்டும், பயிற்சிப் பெண்கள் வரிசையாக நின்று கேட்கட்டும். வேலை போகும். போகட்டும் சனியன். அவள் பார்வை அந்த முஷ்டியில் விழுந்தது, இன்னும் மடங்கியே இருந்தது, மடியில் தனியாக ஒரு உயிர் போல. பிரிக்க வேண்டும் என்று பழக்கத்தில் கை போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அம்சவேணி வண்டியின் பின்கண்ணாடியைப் பார்த்தாள். வெறும் ரோடுதான் ஓடியது. உதட்டில் கடித்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது, அதை நாக்கால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“அக்கா, இப்பப் பேசலாமுங்களா?”

“பேசு கண்ணு.”

“மொதப் புள்ளை நான் தொட்டிப் பக்கம் வழுக்கி உழுந்து சாவலீங்க்கா.”